தமிழில் கெமிஸ்தம் எழுதிய வைத்தியர்

நயினாதீவில் பிறந்த எனக்குத் தண்ணீர் என்றால் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று நல்ல தண்ணீர், மற்றது சவர்த் தண்ணீர். நல்ல தண்ணீர் குடிக்கவும் உலையேற்றவும். சவர்த் தண்ணீர் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும். எந்தக் கிணறு பங்குனி வரை தாங்கும், எது தை முடியுமுன்னே சவர்க்கத் தொடங்கும் என்பதெல்லாம் எங்கள் உம்மும்மாமாருக்கு மனப்பாடம். நாவில் ஒரு சொட்டு விட்டே சொல்லிவிடுவார்கள். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் இதே கதைதான். ஆறில்லாத, மலையில்லாத, சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் இந்தத் தீவுகளில் ஒரு குடும்பத்தின் சுகம் கிணற்றின் அடியிலிருந்தே தொடங்குகிறது.

இன்று நான் இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியை. அமிலம், மூலம், தாங்கற்கரைசல் என்ற பாடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒருவரின் நினைவு வரும். எங்கள் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. மனித உடலுக்குள் இருக்கும் நீரையும் உப்பையும் அமிலத்தையும் பற்றி மேல்நாட்டு அறிவியல் கண்டறிந்ததை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே எழுதியும் படிப்பித்தும் வைத்தவர் அவர். மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் நகரில் பிறந்தார். அவருடைய வீட்டுத் தோட்டத்துக்குக் கிறீன் ஹில் என்று பெயர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் மத்திய பூங்கா உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். சிதறிக் கிடந்த ஊர்களை 1898இல் ஒன்றாக்கிப் பெருநகராக்கியதில் முன்னின்றவர். அண்ணன் ஒரு நகரைக் கட்டினார், தம்பி கடல் கடந்து வந்து ஒரு மொழிக்குள் ஒரு கல்வித் துறையைக் கட்டினார் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. நகரைக் கட்டியவரை அமெரிக்கா மறக்கவில்லை. மொழிக்குள் கட்டியவரை நாங்கள் பாதி மறந்துவிட்டோம்.

தம்பி நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிசனின் வைத்தியராகக் கப்பலேறி, அந்த ஆண்டு ஒக்டோபரில் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்து. அவருக்கு முன்னரே ஜோன் ஸ்கடர் என்ற வைத்தியர் இங்கு வந்து பண்டத்தரிப்பில் பணி செய்திருந்தார். வட்டுக்கோட்டையில் 1823 முதல் இயங்கிய செமினரி அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே பெயர்பெற்ற கல்விக்கூடங்களுள் ஒன்று. அங்கு படித்த பிள்ளைகளுக்கு, பணம் அனுப்பும் அமெரிக்கக் கொடையாளரின் பெயரையே வைப்பார்கள். ஆகவே கிறீனின் மாணவர்களின் பெயர்களைப் பார்த்தால் டான்போத், சாப்மன் என்றிருக்கும். ஆட்களோ அசல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்!

அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைத்து எழுதத் தேவையில்லை. அதுவே அவரை அனுப்பியவர்களின் நோக்கம், அவருடைய நோக்கமும்கூட. எங்கள் சமயம் வேறு. ஆனாலும் ஒருவர் தந்த அறிவை, அவர் எந்த வாசலால் வந்தார் என்று பார்த்துத் தள்ளிவிடுவது எங்கள் மரபு அல்ல. கிரேக்கர் எழுதிய மருத்துவத்தை அரபு மொழியில் பெயர்த்து வளர்த்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் செய்ததும் மானிப்பாயில் கிறீன் செய்ததும் ஒரே தொழில்தான். ஹுனைனும் கிறிஸ்தவர்தான் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கலாம்.

1848இல் கிறீன் மானிப்பாய்க்கு மாறினார். வைத்தியசாலையையும் நடத்தினார், மாணவர்களையும் சேர்த்தார். முதலில் ஆங்கிலத்திலேயே படிப்பித்தார். செமினரியில் ஆங்கிலம் படித்த இளைஞர் அவரிடம் வந்தார்கள், நன்றாகப் படித்தார்கள். படித்து முடித்ததும் அரசாங்க வேலைக்குத் தெற்கே போய்விட்டார்கள். உடையும் மாறியது, பேச்சும் மாறியது. கிராமத்திலே ஒரு பிள்ளைத்தாய்ச்சி வலியோடு கிடந்தால், பார்க்க வருவது பழைய மருத்துவிச்சி மட்டுந்தான். இது கிறீனை உறுத்தியது. வைத்தியன் தன் ஊராரோடு ஊராராக, அவர்களுடைய உடையில், அவர்களுடைய பேச்சில் இருக்க வேண்டும். தமிழரை ஐரோப்பியராக்குவது தன் வேலையல்ல என்ற முடிவுக்கு அவர் வந்தார். மிசனுக்குள்ளேயே எல்லாருக்கும் அது உவப்பாக இருந்திருக்காது.

அந்த முடிவுக்கு முன்னரே அவர் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டார். வாந்திபேதி பற்றியும் தாய் சேய் நலம் பற்றியும் சிறு பிரசுரங்கள் போட்டார். 1850களில் கட்டர் என்பவரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. அந்த ஆண்டே ஊருக்குப் போனவர், 1862இல் திருமணம் முடித்துத் துணைவியார் மார்கரெற்றுடன் திரும்பி வந்தார். பின் 1864 முதல் மருத்துவ வகுப்பு தமிழிலேயே நடந்தது. இரணவைத்தியம் 1867. மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் இரண்டும் 1872. கெமிஸ்தம் 1875. மனுஷ சுகரணம் 1883. இந்து பதார்த்த சாரம் 1884. எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். மின்சார விளக்கு இல்லை, தட்டச்சு இல்லை. பகலில் நோயாளர், இரவில் கையெழுத்துப் பிரதி.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் வாயில் வைத்துப் பாருங்கள். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்று பெயர் வைத்தவருக்கு எங்கள் கேசாதிபாதப் பாடல்களின் ஓசை காதில் விழுந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உடற்றொழிலியலுக்குச் சுகரணவாதம். சுகாதாரத்துக்கு உற்பாலனம். ஒரு பொருளுக்குச் சொல் தேடும்போது முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவது, அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது என்பதே அவருடைய ஒழுங்கு. மாணவர்களோடும் பண்டிதர்களோடும் இருந்து சொற்பட்டியல்களே தனி நூல்களாகத் தயாரித்தார்.

கெமிஸ்தம் அந்த மூன்றாவது வகை. இரசவாதம் என்று பழைய சொல் ஒன்று கையோடு இருந்தது. அதை எடுத்திருந்தால் செம்பைப் பொன்னாக்கும் சித்து வேலை என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். கிறீன் ஆங்கிலச் சொல்லின் வாலை வெட்டி, வேதம், கணிதம் என்பவற்றுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒரு வாலை ஒட்டிவிட்டார். அந்தச் சொல் நிலைக்கவில்லை. இரசாயனம் வந்தது, தமிழ்நாட்டில் வேதியியல் வந்தது. என்றாலும் இன்று எங்கள் பிள்ளைகள் ஒட்சிசன், ஐதரசன் என்று எழுதும்போது, பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்குப் பழக்கும் அதே முறையைத்தான் கையாளுகிறார்கள்.

ஒரு வைத்தியர் எதற்காக இரசாயன நூல் எழுத மெனக்கெட வேண்டும்? இதைத்தான் நான் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிறீன் காலத்து யாழ்ப்பாணத்தைப் பலமுறை தாக்கியது வாந்திபேதி, அதாவது கொலரா. இந்தியக் கரையிலிருந்து வரும் படகுகளோடு அது வரும். துறைமுகமாக இருந்த ஊர்காவற்றுறை போன்ற இடங்களில் உள்ளவர்கள் அதற்கு மிக அருகிலிருந்தார்கள். அந்தக் காலத்தில் தீவிலிருந்து மானிப்பாய்க்குப் போவதானால் வள்ளம், பிறகு நடை அல்லது மாட்டுவண்டி. காலையில் நன்றாயிருந்தவன் மாலையில் மையித்தாகிவிடக்கூடிய நோயில் வள்ளம் கரைசேருமுன்னே எத்தனை பேர் போயிருப்பார்களோ, நினைக்கவே நெஞ்சு அடைக்கிறது.

அந்த நோயில் என்ன நடக்கிறது? உடம்பில் ஏறத்தாழ அறுபது வீதம் தண்ணீர். சின்னப் பிள்ளைகளில் இன்னும் கூட. கொலராக் கிருமியின் நஞ்சு குடலின் சுவரைத் திறந்துவிட்ட மதகுபோல் ஆக்கிவிடுகிறது. மோசமான நிலையில் மணிக்கு ஓர் இலீற்றர்வரை தண்ணீர் போகும். போவது வெறும் தண்ணீர் அல்ல. சோடியமும் பொற்றாசியமும் போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக இருகாபனேற்று போகிறது.

இந்த இருகாபனேற்றைப் பற்றி உயர்தரப் பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றோருக்காகச் சொல்கிறேன். எங்கள் உடல் ஓய்வில்லாமல் அமிலம் உண்டாக்கிக்கொண்டேயிருக்கிறது. மூச்சு விடும் காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரைந்தால் காபோனிக்கமிலம். தசை வேலை செய்தால் இலத்திரிக்கமிலம். இரைப்பைக்குள் இருப்பதோ ஐதரோகுளோரிக்கமிலம், அதன் பீ.எச். பெறுமானம் 2ஐ ஒட்டியது, தேசிக்காய்ப் புளியின் உறைப்பு. ஆனால் இரத்தம் மட்டும் 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்க வேண்டும். அந்த ஒடுங்கிய வரம்பைவிட்டு விலகினால் இதயமும் மூளையும் தடுமாறும். பீ.எச். அளவில் ஒரு படி என்றால் பத்து மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். இரத்தத்தில் மிதக்கும் இருகாபனேற்றுத்தான் வரும் அமிலத்தைப் பிடித்து, காபனீரொட்சைட்டாக்கி, நுரையீரலுக்குக் கொடுத்து வெளியே தள்ளுகிறது. சிறுநீரகம் பின்னால் நின்று கணக்கைச் சரிசெய்கிறது. கொலராவில் அந்த இருகாபனேற்றே குடல்வழி கொட்டிப்போவதால் இரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது. நோயாளி ஓடி வந்தவர்போல ஆழமாக மூச்சிழுப்பது அதனால்தான். உள்ளே சேர்ந்த அமிலத்தை மூச்சாலாவது வெளியேற்ற உடல் படும் பாடு அது.

கிறீன் மானிப்பாய்க்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இதன் சாரம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதுதான் வேதனை. 1831, 1832இல் இங்கிலாந்தில் கொலரா பரவியபோது ஓஷோனசி என்ற இளம் வைத்தியர் நோயாளரின் இரத்தத்தைப் பகுத்துப் பார்த்து, தண்ணீரும் உப்பும் காரமும் அதில் குறைந்திருப்பதைக் கண்டார். 1832இல் ஸ்கொத்லாந்தில் தோமஸ் லாற்றா என்பவர், உப்பும் சோடாவும் கரைத்த நீரை நாளத்துக்குள் செலுத்தினார். சாகக் கிடந்த சிலர் எழுந்து பேசினார்கள். ஆனால் நீர் கிருமியகற்றப்படவில்லை. ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்தினால் நோயாளி மறுபடியும் வற்றிப்போவார் என்பதும் புரியவில்லை. கைவிடப்பட்ட கட்டத்தில் இருந்தவர்களுக்கே அதைக் கொடுத்தார்கள். ஆகவே அந்த முறை மெல்ல மறக்கப்பட்டது. ஓஷோனசி பிறகு கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் படிப்பித்தார், இந்தியாவில் தந்திக் கம்பிகளை ஓடவிட்டார். அவர் கண்டது மட்டும் நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேரவில்லை. கிறீன் காலத்து வைத்திய உலகம் வாந்திபேதிக்குப் பாதரசம் கலந்த கலோமலையும் அபினையுமே பெரும்பாலும் நம்பியிருந்தது. சில இடங்களில் தாகத்தால் துடிப்பவருக்குத் தண்ணீரையே தடுத்தார்கள்.

ஆகவே கிறீன் தமிழுக்குக் கொண்டுவந்தது குறையில்லாத மருத்துவம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கொண்டுவந்தது அந்தக் குறையைக் கண்டுபிடிக்க உதவும் கருவி. மனுஷ சுகரணத்துக்கு மூலமான டால்டனின் நூல், உடலை ஆக்கும் பொருள்களைக் கணக்கிடும்போது நீரையும் சாதாரண உப்பையும் முதல் வரிசையில் வைத்தது. இரைப்பை நீர் அமிலம், இரத்தம் காரப்பக்கம் என்ற வேறுபாடு அன்றைய உடற்றொழிலியலில் நன்கு தெரிந்திருந்தது. இரைப்பையில் இருப்பது ஐதரோகுளோரிக்கமிலமே என்று 1824இல் வில்லியம் பிறவுற் காட்டியிருந்தாலும், அதைப் பற்றிய வாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை. இந்த வாதங்களையெல்லாம் தாய்மொழியில் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு மாணவன் மானிப்பாயில் இருந்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. உப்பு என்ற சொல்லும் புளிப்பு என்ற சொல்லும் அவன் உம்மாவின், மன்னிக்கவும், அவன் அம்மாவின் அடுக்களையிலிருந்தே அவனுக்குத் தெரிந்தவை. அவற்றிலிருந்து இரத்தத்துக்கு ஒரு படிதான். கொலரா நோயாளி ஒருவன் இழப்பது நீரும் உப்பும் என்பதை வேற்றுமொழிச் சொல்லாகக் கேட்பதும், கஞ்சியில் குறையும் உப்பைப்போல உணர்வதும் ஒன்றல்ல.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பம் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கும் சவர்த் தண்ணீர்தான். ஓலைக் குடிசைகள், கொஞ்சக் கிணறுகள், நிறையச் சனங்கள். என் தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது. வயிற்றோட்டத்தில் கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராத நிலைக்கு வந்துவிட்டான். ஒரு மருத்துவத் தாதி கொடுத்த ஜீவனிப் பக்கற்றை உம்மா ஆறவைத்த நீரில் கரைத்து, இரவு முழுக்கத் தேக்கரண்டி தேக்கரண்டியாய்ப் பருக்கினார். வாந்தியெடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பருக்கினார். விடியற்காலை அவன் அழுதபோது கண்ணீர் வந்தது. உம்மா முதன்முறையாக அப்போதுதான் அழுதார்.

அந்தப் பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது? இப்போதைய உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி ஓர் இலீற்றர் நீருக்கு 2.6 கிராம் கறியுப்பு, 13.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் பொற்றாசியங் குளோரைட்டு, 2.9 கிராம் சித்திரேற்று. மொத்தம் 20.5 கிராம். குடற்சுவரில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்தே உள்ளே போகும். அவற்றின் பின்னால் தண்ணீர் தானாகப் போகும். கொலரா எவ்வளவு கெடுத்தாலும் இந்த ஒரு வாசலை மூடுவதில்லை. சித்திரேற்று உடலுக்குள் போய் இருகாபனேற்றாக மாறி அமிலத்தை அடக்குகிறது. 1960களில் இந்த வாசல் தெரியவந்தது. 1971இல் வங்காள அகதி முகாம்களில் திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர், நாளத்தில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நெருக்கடியில் இதை வாயால் பருக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். ஓஷோனசி பார்த்த இரத்தத்திலிருந்து உம்மாவின் தேக்கரண்டிக்கு வர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அதுவரை எத்தனை உம்மாமார் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளையைப் பறிகொடுத்தார்கள்! உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். எங்கள் நோன்புக் கஞ்சி, பகல் முழுக்க வற்றிய உடலுக்கு நீரும் உப்பும் மாப்பொருளும் ஒன்றாகத் தருவதை இனிமேல் கவனித்துக் குடியுங்கள்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். மழைநீர் வானத்திலும் மண்ணிலும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகக் கீழே இறங்குகிறது. சுண்ணாம்புக் கல்லில் பட்டதும் அதைக் கரைக்கிறது. அமிலம் அடங்குகிறது, நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் சேர்கின்றன. அதனால்தான் தீவுக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதும் அதுவே. புளியோ தேசிக்காயோ போட்டுக் கொதிக்கவைத்தால் சீறிக்கொண்டு கழன்றுவிடும். காபோனிக்கமிலமும் இருகாபனேற்றும் என்ற அதே சோடிதான் எங்கள் இரத்தத்தையும் காவல் காக்கிறது. எங்கள் ஊர்க் கிணறும் எங்கள் நாடியும் ஒரே கணக்கில் நடக்கின்றன என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாள் ஒருத்தி வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலில் கொண்டுவந்து தாள் தோய்த்துப் பார்த்தாள். 7க்குக் கொஞ்சம் மேலே காட்டியது.

இந்த நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் இருக்கும். மேலே ஒரு முழம் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் நாற்பது முழம் ஏறும். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகமென்பதால் மலசலகூடக் குழியின் கழிவும் கிணற்றுக்கு வெகு இலேசாக வந்து சேரும். இன்று தீவுகளில் ஆர்.ஓ. பொறிகள் கடல்நீரை நன்னீராக்கித் தருகின்றன. நல்லதுதான். அதற்காகக் கிணற்றைக் குப்பைக்கிடங்காக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. பொறி நின்றால் நாங்கள் மறுபடியும் அந்த வில்லையைத்தான் தேடிப் போக வேண்டும்.

கிறீன் 1873இல் உடல் தளர்ந்து அமெரிக்காவுக்குத் திரும்பினார். அதுவரை அவரிடம் படித்து வைத்தியர்களானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதியளவினர் தமிழில் படித்தவர்கள். எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட 1898 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி 1870இல் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. பட்டமும் பதவியும் அங்கேயே இருந்தன. தமிழில் மருத்துவம் படித்தவனுக்கு ஊரில் மரியாதை இருந்தது, அரசில் இடமில்லை. மானிப்பாயில் அந்தத் தமிழ் வகுப்பு அவர் போன பிறகு நெடுங்காலம் நீடிக்கவில்லை. இதைத் தோல்வி என்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் உயர்தரம்வரை தமிழில் படித்து, மருத்துவ பீடத்தில் முதல் நாளே ஆங்கிலத்தில் திண்டாடுவதைப் பார்க்கும்போது, அது கிறீனின் தோல்வியா, அவருக்குப் பின் வந்த எங்களுடையதா என்று எனக்குக் கேள்வி எழும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் நீரிழிவுக்காரரான தன் மூத்தம்மாவுக்குச் சிறுநீரகம் என்ன செய்கிறது என்று தமிழில் விளக்கத் தெரியாத வைத்தியரால் ஊருக்கு என்ன பயன்?

வூஸ்ரருக்குப் போன பிறகும் கிறீன் ஓயவில்லை. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் இந்து பதார்த்த சாரமும் அச்சில் வந்தது அவர் இங்கிருந்து போன பின்னர்தான். பனி கொட்டும் ஊரில் இருந்துகொண்டு, கப்பலில் மாதக்கணக்காய்ப் போய்வரும் தாள்களில் தமிழ்ப் பிழை திருத்தினார் என்றால் அந்த மனிதரின் பிடிவாதத்தை என்னென்பது! கடைசி நூல் வந்த 1884ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி அவர் இறந்தார்.

அதே 1884இன் தொடக்கத்தில்தான் ரொபேட் கொக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரையும் நோயாளரின் குடலையும் ஆராய்ந்து, கொலராக் கிருமியை உறுதிசெய்து அறிவித்தார். அதே ஆண்டில் சுவீடனில் அரீனியஸ் என்ற இளைஞர், நீரில் கரைந்த உப்பும் அமிலமும் அயன்களாகப் பிரிகின்றன என்ற ஆய்வேட்டைச் சமர்ப்பித்து மிகக் குறைந்த தரம் பெற்றார். பின்னர் அதற்கே நோபல் பரிசும் பெற்றார். அமிலத்தை எண்ணால் அளக்கும் பீ.எச். முறையைக் கோப்பன்கேகனில் சோரன்சன் கொண்டுவந்தது 1909இல். இவை ஒன்றுமே கிறீனின் நூல்களில் இல்லை. இருக்கவும் முடியாது. இவற்றை எழுதத் தேவையான நீர், உப்பு, அமிலம், குடல், இரத்தம் என்ற வரிசை மட்டும் தமிழ் அச்செழுத்தில் தயாராக இருந்தது.

மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுதி அவரை மீண்டும் எங்களுக்கு நினைவூட்டினார். தன் கல்லறையில் தான் தமிழருக்கு வைத்தியனாயிருந்தவன் என்பது பொறிக்கப்பட வேண்டும் என்று கிறீன் விரும்பியிருந்தார். வூஸ்ரர் மயானத்தில், தமிழரின் பெயரோடு அந்தக் கல் நிற்கிறது.